ரத்தத்தில் நிறைய, மூளையில் குறைவு

“மூளைக்குச் சர்க்கரைதான் சாப்பாடுன்னு எங்கேயோ படிச்சேன். அப்படின்னா எதுக்கு சார் சுகரைக் குறை, சுகரைக் குறைன்னு எல்லாரும் சொல்றீங்க? குறைச்சா மறதி வந்துடாதா?”

கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கடலூர் ஓல்டு டவுன்காரர். நான் திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு லேப் வைத்திருக்கிறேன். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் சுகர் பார்க்க வந்தவர்கள். ஊசி குத்துவதற்கு முன்னால் ஏதாவது கேட்டுக் கொஞ்சம் நேரத்தைக் கடத்துவது அவர்களில் சிலருக்கு வழக்கம். இது அந்த வகைக் கேள்வி இல்லை. புதுச்சேரியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அல்சைமர் என்கிற மறதி நோய் என்று தெரிந்த பிறகு நானும் இதையேதான் வேறு வேறு விதமாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ரத்தம் எடுக்கிறவன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

முதலில் செலவுக் கணக்கு. மூளையின் எடை 1.3, 1.4 கிலோ இருக்கும். உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போய்விடுகிறது. குளுக்கோஸாகச் சொன்னால் நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம். இவ்வளவு தின்கிற உறுப்பு கையிருப்பு வைத்துக்கொள்வதும் இல்லை. கல்லீரலும் தசையும் கிளைகோஜனாகப் பதுக்கி வைத்திருக்கும். மூளையில் அது மிகச் சொற்பம். ரத்தம் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்கத்தான் வண்டி ஓடும்.

இவ்வளவும் எங்கே போகிறது? நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போது சோடியம் உள்ளே பாய்கிறது, பொட்டாசியம் வெளியே போகிறது. அடுத்த செய்திக்குத் தயாராக வேண்டுமானால் ரெண்டையும் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும். ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும் பம்புகள்தான் பெரிய செலவாளிகள். இதில் எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. கஷ்டமான கணக்கு போடும்போது மூளை அதிகம் செலவழிக்கும் என்றுதானே நினைப்போம்? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரைக்கிள் என்ற நரம்பியலாளர் இதை அளந்து பார்த்தார். ஒரு வேலையில் மூழ்கும்போது கூடுகிற செலவு 5 சதவீதம்கூட இல்லை. மீதியெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ஓடுகிற செலவு. அப்படிச் சும்மா இருக்கும்போதுதான் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து மும்முரமாக இயங்குகின்றன என்று அவருடைய குழு 2001இல் எழுதியது. மூளையின் பின்பக்கம், நடுக்கோட்டை ஒட்டி இருக்கும் பகுதி இந்தக் கூட்டத்தில் முக்கியமானது. பழைய நினைவை அசைபோடுவது, நாம் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கணிப்பது இதற்கெல்லாம் அந்த இடம் வேண்டும். அல்சைமரில் சர்க்கரைச் செலவு முதலில் குறைகிற இடங்களில் ஒன்றும் அதுதான்.

இது எப்படித் தெரிந்தது என்று சொல்வதற்கு முன்னால் என் தொழில் சம்பந்தமாக ஒன்று. சுகருக்கு ரத்தம் எடுக்கிற டியூபின் மூடி சாம்பல் நிறத்தில் இருக்கும். உள்ளே சோடியம் ஃபுளோரைடு போட்டிருப்பார்கள். அது இல்லையென்றால் டியூபுக்குள் இருக்கும் ரத்த அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுகொண்டே போகும். உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் தீனி நிற்பதில்லை! வீட்டில் போய் எடுத்த ரத்தத்தோடு ஆல்பேட்டை டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் ரிசல்ட் குறைத்துக் காட்டிவிடும்.

மூளையில் எந்த இடத்தில் சர்க்கரைச் செலவு குறைகிறது என்று காட்டிக்கொடுத்தது பெட் ஸ்கேன். அதிலும் ஃபுளோரின்தான் நாயகன், ஆனால் வேறு வேஷம். குளுக்கோஸ் மூலக்கூறில் ஒரு மூலையை மட்டும் மாற்றி, அங்கே கதிரியக்கமுள்ள ஃபுளோரின்-18ஐ வைத்துவிடுவார்கள். உடம்பின் உயிரணு அதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். எரிப்பதற்கான முதல் படி நடக்கும். அதற்கு மேல் நகராது. உள்ளேயும் போயாயிற்று, எரியவும் முடியாது, வெளியே வரவும் வழியில்லை. அங்கங்கே மாட்டிக்கொண்டு நிற்பதைக் கருவி படம் பிடிக்கும். எந்த இடம் எவ்வளவு சர்க்கரை இழுத்தது என்பது அப்படியே தெரிந்துவிடும். இந்த ஃபுளோரின் 110 நிமிடத்துக்கொரு முறை பாதியாகக் குறைகிற சரக்கு, தயாரித்தால் ஓட வேண்டும். 1976 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்து ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து, விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதர்களுக்குப் போட்டார்கள்.

பெரியம்மாவுக்கும் அந்த ஸ்கேன் எடுத்தோம். முத்தியால்பேட்டையில் வீடு. புதுச்சேரித் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும், தொலைந்துபோவது கஷ்டம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தே போய் மீன் வாங்கி வந்தவர், ஒருநாள் மிஷன் வீதியில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று கடைக்காரரைக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் தெரிந்தவர். வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்து அவரும் ஏதோ கிண்டலாகச் சொல்லியிருக்கிறார். பெரியம்மா அங்கேயே அழுதுவிட்டாராம்.

வீட்டில் எல்லோரும் மறதி மறதி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். வழி தெரியாமல் போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நரம்பு டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார். ஃபிலிமை லைட்டில் வைத்து, “இங்கே பாருங்க” என்று பேனா முனையால் காட்டினார். முன்பக்கமும் பார்வைக்கான கடைசிப் பகுதியும் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தன. பின்பக்கம் நடுவிலும், ரெண்டு காதுக்கும் மேலே சற்றுப் பின்னால் தள்ளியும் பச்சை, சில இடத்தில் நீலம். வயதானால் எல்லோருக்கும் மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையைக் குறைத்துத்தான் எடுக்கும், அது பெரும்பாலும் முன்பக்கத்தில் தெரியும். இந்த வடிவம் வேறு என்றார். “அவங்க ரத்தத்துல சர்க்கரை எவ்ளோ இருக்கு?” என்று அண்ணனிடம் கேட்டார். அன்றைக்கு 190. ரத்தத்தில் வேண்டிய மட்டும் ஓடுகிறது, அந்த நீல இடம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை. எங்கள் பக்கம் நெய்வேலிக்கு இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டும் கோடையில் லோ வோல்டேஜ் வரும். ஃபேன் சுற்றும், மோட்டார் எடுக்காது. ஒரு வீட்டில் மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்றால் ரெண்டு காரணம் இருக்கலாம். வீட்டில் ஆளே குறைந்துபோய்ச் செலவில்லாமல் இருக்கலாம். அல்லது லைனில் கோளாறு இருக்கலாம். மூளையிலும் அதே வழக்குதான். அணுக்களும் அவற்றின் இணைப்புகளும் செத்துப்போனதால் சர்க்கரை தேவைப்படவில்லையா, உயிரோடு இருந்தும் சர்க்கரையை வாங்கி எரிக்க முடியவில்லையா?

முதல் கட்சிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நோய் முற்றியவர்களின் மூளை சுருங்கியிருப்பதைச் சாதாரண ஸ்கேனிலேயே பார்க்கலாம். ஆனால் லைன் கோளாறுக்கும் வலுவான சாட்சிகள் உண்டு. அரிசோனாவில் எரிக் ரைமன் என்பவரின் குழு, அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏ.பி.ஓ.ஈ.-4 மரபணுவை அப்பா, அம்மா ரெண்டு பேரிடமிருந்தும் பெற்றவர்களை எடுத்துக்கொண்டது. எல்லோரும் நடுவயதைத் தாண்டியவர்கள், ஞாபகசக்தியில் எந்தக் குறையும் இல்லாதவர்கள். அவர்களுக்கும் அல்சைமர் நோயாளிகளுக்குக் குறைகிற அதே இடங்களில் சர்க்கரைச் செலவு குறைந்திருந்தது. இது 1996இல். 2004இல் இருபதிலிருந்து நாற்பதுக்குள் இருந்த இளைஞர்களிடம் பார்த்தார்கள். அந்த மரபணு உள்ளவர்களிடம் அங்கேயும் லேசான குறைவு. இருபத்தைந்து வயதுக்காரரின் மூளையில் அணுக்கள் செத்துவிட்டன என்று யாரும் சொல்ல முடியாது.

ரெண்டாவது சாட்சி கீட்டோன். சாப்பாடு இல்லாத நாட்களில் கல்லீரல் கொழுப்பை உடைத்துச் செய்கிற எரிபொருள் இது. லேபில் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்தால் இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவுக்கு நிறம் ஏறும், அதுதான். பல வாரம் பட்டினி கிடப்பவர்களின் மூளை, தனக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கும் மேல் கீட்டோனிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று ஜார்ஜ் காஹில் குழு 1967இலேயே காட்டிவிட்டது. கனடாவின் ஷெர்புரூக்கில் ஸ்டீபன் குனேன் என்பவர் ஒரே ஆளுக்கு ரெண்டு விதமாகவும் பெட் ஸ்கேன் எடுத்தார், ஒருமுறை குளுக்கோஸுக்கு, ஒருமுறை கீட்டோனுக்கு. அல்சைமர் ஆரம்பத்தில் இருப்பவர்களின் மூளை குளுக்கோஸைக் குறைத்து எடுத்தது. கீட்டோனை மட்டும் நல்ல மூளை எடுக்கிற அளவுக்கே எடுத்தது. எரிக்கிற அணுக்கள் இன்னும் இருக்கின்றன, குளுக்கோஸ் வரும் வழியில்தான் ஏதோ அடைப்பு என்று இதற்கு அர்த்தம். முழு அர்த்தமும் அதுவே என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ரெண்டு கட்சியில் நான் எதில் என்று கேட்டால், ஆரம்பத்தில் லைன் கோளாறு, போகப் போக வீடும் காலியாகிறது என்கிற பக்கம்.

அடைப்பு எந்த இடத்தில் என்பதற்குப் பல பதில்கள். நரம்பணுவைச் சுற்றி நட்சத்திர வடிவில் ஆஸ்ட்ரோசைட் என்ற துணை அணுக்கள் இருக்கின்றன. இவை குளுக்கோஸை வாங்கிப் பாதி சமைத்து, லாக்டேட்டாக நரம்பணுவுக்குக் கொடுக்கின்றன என்பது 1994இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கருத்து. 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதே அணுக்களில் ஐ.டி.ஓ.1 என்ற நொதி அளவுக்கு மீறி வேலை செய்து இந்தச் சமையலைக் கெடுக்கிறது என்றும், அதைத் தடுத்தபோது அல்சைமர் போன்ற நோய் வரும்படி செய்த எலிகளின் நினைவாற்றல் தேறியது என்றும் காட்டினார்கள். எலிகளுக்கு அல்சைமர் எத்தனையோ முறை குணமாகியிருக்கிறது, ஆகவே கொண்டாட அவசரமில்லை. ஆனால் தேடுகிற இடம் சரி என்று படுகிறது.

இந்தக் கீட்டோன் கதை நம் ஊருக்குத் தேங்காய் எண்ணெய் ரூபத்தில் வந்து சேர்ந்தது. பெரியம்மாவுக்கு நோய் என்று கேள்விப்பட்டதும் வாட்ஸ்அப்பில் அதே செய்தி நாலு பக்கத்திலிருந்து வந்தது: தினம் காலையில் ரெண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், மூளை திரும்பிவிடும். சித்தப்பா பண்ருட்டியிலிருந்து செக்கில் ஆட்டியதைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார். அண்ணி மூக்கைச் சுளித்தபடி அதை வாங்கி அலமாரியில் வைத்தார்.

முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். கல்லீரல் வேகமாகக் கீட்டோனாக மாற்றுவது நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்களை, அதிலும் எட்டு கார்பன், பத்து கார்பன் உள்ளவற்றை. தேங்காய் எண்ணெயில் இவை ரெண்டும் சேர்ந்து 15 சதவீதம் வாக்கில். ஏறக்குறைய பாதி பன்னிரண்டு கார்பன் உள்ள லாரிக் அமிலம். அது அவ்வளவு சுலபமாகக் கீட்டோனாக மாறுவதில்லை. ரெண்டு ஸ்பூனில் ரத்தத்தில் ஏறுகிற கீட்டோனை வைத்து ஒரு மூளையை ஓட்ட முடியாது. எட்டையும் பத்தையும் மட்டும் பிரித்தெடுத்த எண்ணெயைக் குனேன் குழு நாளைக்கு 30 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தது. அவர்கள் அல்சைமர் நோயாளிகள் இல்லை, ஞாபகம் லேசாகக் குறைய ஆரம்பித்தவர்கள். மூளைக்குக் கீட்டோன் கூடுதலாகப் போனது, சில சோதனைகளில் மதிப்பெண்ணும் கொஞ்சம் கூடியது. அதே வகைக் கொழுப்பிலிருந்து மருந்து செய்து அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்த பெரிய பரிசோதனை தோற்றுப்போனது. இப்போதைக்கு நிலவரம் அவ்வளவுதான். சமையலுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொள்ளுங்கள், ருசிக்காக. சுகர் உள்ள வயதானவர்களைக் கீட்டோ டயட் என்று பட்டினி போடுகிற வேலை மட்டும் வேண்டாம். சில சுகர் மாத்திரைகளோடு அது சேர்ந்தால் ரத்தம் அமிலமாகி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும்.

அடுத்தது ‘மூன்றாவது வகை சர்க்கரை நோய்’. 2005இல் அமெரிக்காவில் சுசான் டி லா மான்டே குழு அல்சைமருக்கு இப்படி ஒரு பெயரைச் சொன்னது. இறந்தவர்களின் மூளையில் இன்சுலின் வேலை பழுதாகியிருந்ததைப் பார்த்துச் சொன்னார்கள். எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. இதைக் கேட்கிறவர்கள் இனிப்பு தின்றதால் வந்த வினை என்று நோயாளியைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். சுகரே இல்லாதவர்களுக்கும் அல்சைமர் வருகிறது. முப்பது வருட சுகரோடு தெளிவாகப் பேசுகிறவர்களும் என் லேபுக்கு வருகிறார்கள். ரத்தத்திலிருந்து மூளைக்குள் குளுக்கோஸைக் கடத்தும் முக்கியமான வாசல் இன்சுலினுக்காகக் காத்திருப்பதும் இல்லை. அதனால் இன்சுலினைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிற கணக்கு அவ்வளவு நேராக வரவில்லை. மூக்கு வழியாக இன்சுலின் கொடுத்த ஆய்வு 2020இல் பலன் இல்லை என்று முடிந்தது. சுகருக்கும் எடை குறைப்புக்கும் பிரபலமான செமாக்ளூட்டைடை ஆரம்ப அல்சைமர் உள்ள சுமார் 3,800 பேரிடம் பார்த்தார்கள். நோயின் வேகம் குறையவில்லை என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள்.

சரி, ஆசிரியர் கேட்டதற்கு வருகிறேன். ரத்தத்தில் சர்க்கரை கூடுவதால் மூளைக்கு விருந்து ஒன்றும் நடப்பதில்லை. அது வருடக்கணக்கில் கூடுதலாக ஓடினால் மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்களை அரிக்கிறது. டைப் 2 சுகர் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமரும் சேர்ந்த மறதி நோய்கள், வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறார்கள். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வில் நாடு முழுவதும் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்குச் சுகர், புதுச்சேரியில் 26.3. கோவாவுக்கு அடுத்த இடம். நாலு பேரில் ஒருவர்! அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கும் என்று அதே வருடம் இன்னொரு ஆய்வு கணித்தது. ரெண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கள் வட்டாரத்தில் இன்னும் இருபது வருடத்தில் என்ன நடக்கும் என்று கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஆசிரியரின் பயத்தில் பாதி நியாயம். சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் மூளைதான் முதலில் தடுமாறும். 70க்குக் கீழே போனாலே லோ சுகர், 54க்குக் கீழே ஆபத்து. ஒரு கிருத்திகை அன்று மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போயிருந்தேன். பாட்டி விரதம். விரதத்துக்குச் சாப்பாட்டைத்தான் நிறுத்தினார், சுகர் மாத்திரையை நிறுத்தவில்லை. வழக்கமாக வாசலிலேயே “வாடா ரத்தக் காட்டேரி” என்று வரவேற்கிறவர், அன்றைக்கு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யாரு, கரண்ட் ஆபீஸா?” என்றார். புடவைத் தலைப்பை மடிப்பது, பிரிப்பது, மறுபடி மடிப்பது. மருமகள், “ஒரு வாரமாவே இப்படித்தாண்ணே, மறதி ஜாஸ்தியாயிடுச்சு” என்றார். நெற்றியைத் தொட்டால் சில்லென்று வியர்வை. குளுக்கோமீட்டரில் 48. தண்ணீரில் மூணு ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கிக் குடிக்கச் சொன்னேன். விழுங்குகிற நிலையில் இருந்ததால் கொடுத்தேன். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கால் மணி நேரம் போனதும் பாட்டி நிமிர்ந்து, விரதத்தைக் கெடுத்துவிட்டாயே என்று என்னைத் திட்டினார். அப்புறம் அன்றே டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாற்றினார்கள்.

இப்படி ஒருமுறை நடந்தால் மீண்டுவிடலாம். ஆஸ்பத்திரி வரைக்கும் போகிற லோ சுகர் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா அதிகம் என்று 2009இல் கலிபோர்னியாவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. இது ரெண்டு பக்கமும் சுழல்கிறது. மறதி வந்தவருக்கு மாத்திரை போட்டோமா, சாப்பிட்டோமா என்று தெரியாது, ரெண்டாவது தடவை மாத்திரை போடுவார், சர்க்கரை இறங்கும், மூளை இன்னும் கெடும். கவலைப்பட வேண்டியது இங்கேதான் என்பேன். அல்சைமர் மூளையில் படிகிற அமிலாய்டு என்ற புரதம், மரபணுவெல்லாம் நம் கையில் இல்லாதவை. மாத்திரை டப்பா நம் கையில் இருக்கிறது.

பி12 பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், ஞாபகமும் தடுமாறும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் சந்தேகத்துக்கு இன்னும் இடமுண்டு. வயது, சுகர், மறதி என்று மூணையும் கூட்டி அல்சைமர் என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் பி12ம் தைராய்டும் பார்த்துவிடுங்கள். லேப்காரன் வியாபாரத்துக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் வேறு லேபில் பாருங்கள், எனக்கு வருத்தமில்லை.

பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். சுகர் டாக்டர் ஒருவர், நரம்பு டாக்டர் ஒருவர். மூணு மாத சராசரி (ஹெச்.பி.ஏ.1.சி.) 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சுகர் டாக்டருக்குத் திருப்தி. மறதி நோய் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சுகருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணன் நினைத்திருக்கிறார். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலில், நினைவாற்றல் குறைந்த வயதானவர்களுக்கு அந்த எண் 8க்குக் கீழே இருந்தாலே போதும் என்று தளர்த்தி வைத்திருக்கிறார்கள்; லோ சுகர் வராமல் பார்ப்பதுதான் அவர்களுக்கு முக்கியம். விஷயத்தைச் சொன்னதும் அந்த டாக்டரே ஒரு மாத்திரையை நிறுத்தினார், இன்னொன்றைப் பாதியாக்கினார். நோய் அப்படியேதான் இருக்கிறது, பெரியம்மாவுக்கு என் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. ஆனால் சாயங்காலமானால் வந்துகொண்டிருந்த நடுக்கமும் வியர்வையும் நின்றுவிட்டன. அதையும் நோயின் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தோம். சுகர் ஃபைல் ஒரு அலமாரியிலும் நரம்பு ஃபைல் இன்னொரு அலமாரியிலும் வைத்திருப்பவர்கள், அடுத்த தடவை எந்த டாக்டரிடம் போனாலும் ரெண்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் சேர்த்து.